ரத்தத்தில் ஊறிய தாளம் என்று எதுவும் இல்லை

முப்பத்தைந்து வயதில் ஒரு வாத்தியத்தைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கை கேட்காது. காது கேட்டதை மனசு வாங்கிக்கொள்ளும், மனசு சொன்னதைக் கை செய்யாது. வலது கை ஒரு வேகத்தில் போகும், இடது கை அதன் பாட்டுக்கு வேறு எங்கோ போகும். பக்கத்தில் நிற்கும் பதினோரு வயதுப் பையன் அதே அடியை முதல் வாரமே பிடித்துக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பான்.

நாங்கள் ஐந்து பேர். இரண்டு சமூகப் பணியாளர்கள், ஒரு செவிலியர், ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு வங்கி ஊழியர். இரண்டு பேர் பெண்கள். எல்லோருக்கும் முப்பதைத் தாண்டிய வயது. ஐந்தில் நான்கு பேரின் தாத்தாக்கள் பறை அடித்தவர்கள், நான்கு பேரின் அப்பாக்களும் அதைக் கையால் தொடாதவர்கள். ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு மைதானத்தின் ஓரத்தில் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டு நிற்கிறோம்.

காய்ச்சுவதே ஒரு பாடம்தான். வேப்ப மரத்திலோ பலா மரத்திலோ மூன்று துண்டாக அறுத்து, இரும்புப் பட்டை வைத்து இணைத்த வளையம். அதன் மேல் புளியங்கொட்டைப் பசை போட்டு இழுத்து ஒட்டிய மாட்டுத் தோல். மார்கழிப் பனியில் அந்தத் தோல் தொய்ந்து கிடக்கும், தட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டுவது மாதிரிதான் சத்தம் வரும். நெருப்புக்கு முன்னால் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, ‘ணங்’ என்று பேசும்போது நிறுத்த வேண்டும். ஒரு நிமிடம் கூடினால் தோல் கிழியும். நாங்கள் இதுவரை இரண்டு தோலைக் கிழித்திருக்கிறோம், ஆசான் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

பறை இடது தோளில் தொங்கும். வலது கையில் பூவரசங் கம்பில் செய்த குட்டையான அடிக்குச்சி. இடது கையில் மூங்கிலைச் சீவிய நீளமான சுண்டுக்குச்சி. அடிக்குச்சி ஒரு மாதத்தில் ஓரளவு வழிக்கு வந்துவிடும். சுண்டுக்குச்சி அப்படி வராது. வளையத்தின் விளிம்பைப் பிடித்திருக்கும் அதே கைதான் அந்தக் குச்சியையும் ஆட்ட வேண்டும், தோளை அசைக்காமல் மணிக்கட்டு மட்டும் பேச வேண்டும். முதல் மூன்று மாதம் எங்கள் செவிலியர் தோழர் கட்டைவிரலில் பிளாஸ்திரியோடுதான் வார்டுக்குப் போனார். ஒத்தையடியும் பாடம் அடியும் இப்போது வருகிறது. சாமிச்சாட்டு அடியில் பாதியில் இடறுகிறோம். மருள் அடி பக்கம் ஆசான் எங்களை விடவே இல்லை.

இந்த நிலையில்தான் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் ஒருவர் எங்களிடம் வந்தார். நல்ல மனிதர், முற்போக்காளர், நாலு போராட்டத்தில் எங்களோடு நின்றவர். நாங்கள் பறை கற்றுக்கொள்வதைக் கேள்விப்பட்டு முகம் மலர்ந்து சொன்னார்: “உங்களுக்கெல்லாம் சொல்லியா குடுக்கணும்? ரத்தத்துலயே ஊறியிருக்குமே தோழர்!”

அவர் பாராட்டுவதாகத்தான் நினைத்தார். நாங்களும் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. எந்த ரத்தம்? ஒன்றரை வருடமாக ஒரு சாமிச்சாட்டு அடியைத் தாண்ட முடியாமல் தவிக்கிறதே, இந்த ரத்தமா? எங்கள் ஐந்து பேரில் முதலில் தாளம் பிடித்தவர், குடும்பத்தில் யாருமே பறை தொட்டிராத அந்த ஐந்தாவது ஆள். அவர் ரத்தத்தில் எந்தக் குழாய் வழியாக ஏறியது?

தோழர்களே, ‘ரத்தத்தில் ஊறியது’ என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மலம் அள்ளுவது இவர்களுக்குப் பழக்கம், பிணம் எரிப்பது இவர்களுக்குக் கைவந்த கலை, தோல் வேலை இவர்களுக்குப் பிறவியிலேயே வரும் என்று சொன்ன வாய்தான் தாளமும் பிறவியிலேயே வரும் என்கிறது. பிறப்பை வைத்துத் தொழிலைச் சொல்வதுதான் சாதி. அதையே புன்னகையோடு சொன்னால் அது வேறு ஒன்றாகிவிடாது. சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையும் பிரித்தது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதி வைத்துவிட்டார். நாம்தான் பட்டறை விளம்பரங்களில் ‘ஆதிக் குருதி’, ‘மண்ணின் மரபணு’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆசானிடம் இதைச் சொன்னோம். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. எட்டு வயதில் தகர டப்பாவைத் தட்டிப் பழகியவர். அடி தப்பினால் அவருடைய அப்பா அடிக்குச்சியாலேயே முட்டியில் போடுவாராம். இழவு வீட்டு வாசலில் ராத்திரி முழுக்க நின்று, ஊர்க்காரன் குடித்துவிட்டுக் கேட்ட அடியையெல்லாம் அடித்து, விடியற்காலையில் தூங்கிக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். அவர் கேட்டது ஒன்றுதான்: “ரத்தத்துல இருந்தா நான் எதுக்குடா எங்கப்பங்கிட்ட அத்தன அடி வாங்குனேன்?”

இதில் காசு விஷயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மாட்டோம். ஒரு கலை ரத்தத்தில் வருகிறது என்றால் அதற்கு உழைப்பு இல்லை. உழைப்பு இல்லையென்றால் கூலி எதற்கு? வீணை வாத்தியாருக்கு மாதச் சம்பளம், விஜயதசமிக்குத் தட்சிணை. கீபோர்டு சொல்லித்தரும் மையத்தில் முதல் மாதக் கட்டணம் கட்டினால்தான் உள்ளேயே விடுவார்கள். பறை ஆசானுக்கு மட்டும் ஒரு துண்டு, ஒரு போட்டோ, “அண்ணன் மண்ணின் கலைஞன்” என்று ஒரு பதிவு, திரும்பிப் போகப் பேருந்துக் காசு. எங்கள் ஆசானை ஒருமுறை இரண்டு நாள் நகரப் பட்டறைக்கு அழைத்தார்கள். சேர்ந்தவர்களிடம் கட்டணம் வாங்கியிருந்தார்கள். சுவரொட்டியில் ஒருங்கிணைப்பாளர் பெயர் இருந்தது, மேடையில் பேச வந்தவர்கள் பெயர் இருந்தது. சொல்லிக்கொடுத்தவர் பெயர் இல்லை. அந்தப் பட்டறையில் தோல் வாடை சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஃபைபர் போட்ட பறைகளைக் கொடுத்திருந்தார்கள். மழையில் அதற்கு நெருப்பு வேண்டாம், தூக்கவும் லேசு, அந்த வசதியை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மாடு வேண்டாம், தோல் வேண்டாம், தோலை உரித்தவன் வேண்டாம், ஆசான் பெயரும் வேண்டாம், தாளம் மட்டும் வேண்டும் என்றால் அதற்கு என்ன பெயர்?

தோல் வாடை பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. சபாவில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து வாசிக்கும் மிருதங்கத்திலும் இருப்பது மாட்டுத் தோல்தான், ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் கூடவே. அதை உரித்துக் காயவைத்து, மூட்டு பிடித்து, சுருதி சேர்த்துக் கொடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுதினார். 2020 ஜனவரியில் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியை கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மாட்டுத் தோல் மேடையேறலாம், மாட்டுத் தோல் என்று சொல்லுவது மேடையேறக் கூடாது. மிருதங்க வித்வானைப் பார்த்து யாரும் ‘ரத்தத்தில் ஊறியது’ என்பதோடு நிறுத்துவதில்லை என்பதையும் கவனியுங்கள். அவருக்கு சாதகம் உண்டு, குரு உண்டு, பாணி உண்டு, நாற்பது வருடத் தவம் உண்டு. நமக்கு ரத்தம் மட்டும்தான்.

சரி, வெளியே இருப்பவர்களைத் திட்டுவது சுலபம். வீட்டுக்குள் நடந்த சண்டைதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்களில் ஒருவர் முதன்முதலாகப் பறையை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று அவருடைய அப்பா அதைத் திண்ணையிலேயே நிறுத்தினார். “எங்கய்யா கிணத்துல தூக்கிப் போட்டுட்டு வந்தத நீ தோள்ல மாட்டிட்டு வர்றியா? இதுக்கா உன்ன எம்.ஏ. படிக்க வெச்சேன்?” மூன்று மாதம் அவர் மகனோடு பேசவில்லை. அந்தக் கோபத்தை அறியாமை என்று சொல்லும் தைரியம் எங்களுக்கு இல்லை. அந்தப் பறையால்தான் அவர் அப்பாவை ஊர் சின்னப் பையன்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த வாத்தியத்தின் பெயரும் அதை அடித்த சாதியின் பெயரும்தான் ஆங்கில அகராதி வரைக்கும் போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உட்கார்ந்திருக்கிறது.

முதுகலை வகுப்பில் எம்.என். சீனிவாசின் சமஸ்கிருதமயமாக்கல் கோட்பாட்டைப் படித்தோம். 1952-ல் வந்த குடகு நூலில் தொடங்கியது. கீழே இருக்கும் சாதி மேலே இருப்பவனின் பழக்கத்தைப் பார்த்து நடந்து மேலே ஏறப் பார்க்கிறது என்ற விளக்கம். மாட்டுக்கறி விடுவது, பறையை விடுவது எல்லாவற்றையும் அந்த ஒரே கணக்கில் வகுப்பில் எழுதிக்கொண்டோம், தேர்விலும் எழுதி மதிப்பெண் வாங்கினோம். இன்று அந்தப் பதிலை அடித்துவிட்டுத் திரும்ப எழுதத் தோன்றுகிறது. பறையைக் கிணற்றில் போட்ட கிழவன் எந்தப் பார்ப்பானைப் பார்த்தும் நடக்கவில்லை. அவன் செய்தது வேலைநிறுத்தம். கூலியில்லாத ஊழியத்திலிருந்து தன் இரண்டு கைகளை வெளியே எடுத்துக்கொண்டான். தென்னாற்காட்டில் இளையபெருமாள் பறையடிக்கும் ஊழியத்துக்கு எதிராக மக்களைத் திரட்டியதும் இதுதான். 1927-ல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டை விடுங்கள், இழிவைச் சுமத்தும் வேலைகளை விடுங்கள் என்று மகர்களிடம் கேட்டதும் இதுதான். பெரிய ஆலைகளில் நடந்தால் வரலாற்றுப் புத்தகத்தில் போராட்டம் என்று வரும். சேரியில் நடந்தால் பண்பாட்டு மாற்றம் என்று ஒரு அடிக்குறிப்பு.

அதே அம்பேத்கர் தன் கடைசிக் காலத்தில் ஆசிரியர் வைத்து வயலின் கற்றுக்கொண்டார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வயலின் புனேயில் சிம்பயாசிஸ் நிறுவனத்தின் அம்பேத்கர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சர்க்கரை நோய், மூட்டு வலி, முடிக்க வேண்டிய புத்தகங்கள், அரசியல் தோல்விகள், இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதன் வில்லை எப்படிப் பிடிப்பது என்று ஆரம்பப் பாடம் எடுத்துக்கொள்கிறான். யாருக்காக? எந்த இழவு வீட்டுக்கும் இல்லை, எந்த மேடைக்கும் இல்லை. நன்றாக வாசித்தாரா என்று தேடுவதில் எங்களுக்கு ஆர்வமில்லை. மோசமாக வாசித்திருந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். நம் ஆட்கள் எதைச் செய்தாலும் அது பயன்பட வேண்டும், சமூகத்துக்கு உதவ வேண்டும், முதல் மதிப்பெண் வாங்க வேண்டும். சும்மா ஒன்றைக் கற்றுக்கொண்டு, அதில் சுமாராக இருந்து, அதற்காக வெட்கப்படாமல் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை நமக்கு எப்போது கிடைத்தது?

பேசாமல் இருந்த அந்த அப்பாவிடம் நாங்கள் அம்பேத்கர் வயலினைப் பற்றித்தான் முதலில் சொன்னோம். “அவரு வயலின் கத்துக்கிட்டாரு. நீங்களும் வயலின் கத்துக்க வேண்டியதுதான?” என்றார். நியாயமான கேள்வி. எங்களிடம் அப்போது பதில் இல்லை.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது, அதுவும் நல்ல விதமாக வரவில்லை. எங்களில் ஒருவரின் சித்தப்பா ஊரில் இன்னும் பறை வைத்திருப்பவர். கொடைக்கு அடிப்பார், எங்கள் தெருக் கல்யாணத்துக்கும் அடிப்பார். இழவுக்கு அடிப்பதை நான்கு வருடத்துக்கு முன் நிறுத்திவிட்டார். போன தை மாதம் ஊரில் ஒரு பெரிய வீட்டில் சாவு. ஆள் அனுப்பினார்கள். வரமாட்டேன் என்றார். இரண்டாவது ஆள் வந்தது, மூன்றாவதாகக் கூட்டமே வந்தது. அவர்கள் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறோம், ஏனென்றால் நீங்களும் இதைக் கேட்கத்தான் போகிறீர்கள்: “ஏப்ரல் பதினாலுக்கு மட்டும் மேடை போட்டு அடிக்கிறீங்க, எங்க எழவுக்கு அடிக்கக் கைவலிக்குதா?”

சித்தப்பா பேசாமல் நின்றார். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கும் அவர் தெருவில் எட்டு வீட்டுக்கும் வயல் வேலை இல்லை. கடையில் கடன் நின்றது.

அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்கிறோம். ஆமாம். ஏப்ரல் 14-க்கு அடிப்போம், உங்கள் இழவுக்கு அடிக்க மாட்டோம். இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது? ஒரு நாதஸ்வர வித்வானைக் கல்யாணத்துக்கு அழைக்கிறீர்கள். தேதி ஒத்துவரவில்லை என்கிறார், சம்பளம் போதாது என்கிறார், மனசில்லை என்றுகூடச் சொல்கிறார். வேறு ஆளைப் பார்ப்பீர்கள். அவர் தெருவுக்குப் போகும் தண்ணீரை நிறுத்துவீர்களா? வரமாட்டேன் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் ஒருவன் கலைஞன். சொல்ல முடியாத இடத்தில் அவன் அடிமை, அவன் கையில் இருப்பது என்ன வாத்தியமாக இருந்தால் என்ன? கட்டாய ஊழியத்தை அரசமைப்பின் 23-வது பிரிவு தடை செய்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பிறகு 3(1)(எச்) என்ற உட்பிரிவு கட்டாய ஊழியத்தையும், ஐ உட்பிரிவு பிணம் தூக்க, செத்த மாடு தூக்க, குழி வெட்டக் கட்டாயப்படுத்துவதையும் குற்றமாக்குகிறது. மாணவத் தோழர்கள் இந்த இரண்டு உட்பிரிவுகளையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், புகார் எழுதும்போது நிலையத்தில் யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். சித்தப்பாவின் புகாரை நாங்கள்தான் உட்கார்ந்து எழுதினோம். ரசீது வாங்க ஒன்பது நாள் ஆனது. வழக்கு இன்னும் நடக்கிறது என்பதால் அதற்கு மேல் இங்கே எழுதவில்லை.

2025-ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவித்தபோது நாங்களும் இனிப்பு கொடுத்தோம், மனப்பூர்வமாகத்தான் கொடுத்தோம். ஆனால் பறைக்கு விருது கிடைத்துவிட்டது, இனி என்ன சாதி என்று பேசுகிறவர்கள், பறையை மறுத்த மனிதனுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

இப்போது நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஆர்ப்பாட்டம் என்றால் காலை ஒன்பது மணிக்கே பறைக் குழுவுக்கு போன் வருகிறது. தலைவர் வருகிற வரைக்கும் வெயிலில் அடிக்க வேண்டும், தலைவர் மைக் பிடித்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்வார்கள். “இயக்கத்துக்குத்தானே தோழர்” என்று கூலி கிடையாது. மைக் செட்டுக்காரருக்குக் கொடுக்கிறோம், பந்தல்காரருக்குக் கொடுக்கிறோம், பிளெக்ஸ் அடித்தவருக்கு முன்பணமே கொடுக்கிறோம். பறைக்கு மட்டும் இயக்க உணர்வு. கூப்பிட்ட குரலுக்கு வந்து கூலியில்லாமல் அடித்துவிட்டுப் போவதற்கு ஊரில் வேறு பெயர் இருந்தது, அது என்னவென்று நாம் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் விஷயத்திலும் நாம் அப்படி ஒன்றும் முன்னால் இல்லை. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் முப்பது வருடத்துக்கு மேலாகப் பறையோடு ஆடுகிறார்கள். இன்றும் எங்கள் செவிலியர் தோழர் பறையை மாட்டினால், “பொம்பளப்புள்ள இத எப்படிம்மா தூக்குவ?” என்று கேட்பது நம் தெருவுத் தாத்தாக்கள்தான். வார்டில் எண்பது கிலோ நோயாளியைப் புரட்டிப் போடுகிறவர் அவர்.

சாதி அடையாளம் உள்ள வாத்தியத்தை ஏன் தூக்குகிறீர்கள், வயலினோ கிதாரோ போதாதா என்ற கேள்விக்கு இப்போது எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். வேறு பெயருக்கா பஞ்சம்? வசையாக எறிந்ததை எடுத்துத் தலைப்பாக அச்சடித்தார். ஆனால் இதை நாங்கள் எல்லோருக்கும் விதியாகச் சொல்லவில்லை. பறையை இனி வாழ்நாளில் தொட மாட்டேன் என்கிற அந்த அப்பா சரி. ஞாயிற்றுக்கிழமை அதைத் தோளில் மாட்டுகிற அவர் மகனும் சரி. உங்களில் ஒருவருக்கு ஒன்றுமே வேண்டாம், பியானோதான் வேண்டும் என்றால் அதுவும் சரி, அதற்கு யாரிடமும் விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை. ‘நீ ஏன் உன் மண்ணின் இசையைக் கற்கவில்லை’ என்று கேட்டு வருகிறவரிடம், அவர் தன் மண்ணின் எந்தத் தொழிலைக் கற்றார் என்று திரும்பக் கேளுங்கள்.

வருகிற ஏப்ரல் 14 அன்று சித்தப்பா தெருவில் நிகழ்ச்சி. அவர்தான் முன்னடி, நாங்கள் ஐந்து பேர் அவருக்குப் பின்னால். அரை மணி நேரம்தான், ஏனென்றால் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருக்கும் எங்கள் ஆசானுக்கும் சம்பளம் பேசி முன்பணம் கொடுத்தாகிவிட்டது, சுவரொட்டியில் இரண்டு பெயரும் முதலில் இருக்கிறது. சாமிச்சாட்டு அடியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. பேசாமல் இருந்த அப்பா போன வாரம் மகனிடம் கேட்டிருக்கிறார்: “தோல நல்லா காய்ச்சுனீங்களாடா? போன தடவ சத்தமே எழும்பலன்னு சொன்னாங்க.”